நாழிகை வழியும் ஒளியின் வேகமும்

சென்ற ஆண்டு நமது சங்கத்தின் ஆண்டு விழாவன்று பந்தலின் நுழைவாயிலில் ஒரு கரும்பலகை வைக்கப்பட்டிருந்ததை அன்பர்கள் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். "நம் முன்னோர் அறிந்த ஒளியின் வேகம்: அரை நிமிஷத்தில் 2,202 யோசனை" என்று அதில் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்தவன் யானே. எங்கோ கேட்டதை எழுதினேன். பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள், சிலர் தம் பிள்ளைகளை அழைத்துப் படிக்கச் சொன்னார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

விழா முடிந்து பலகையைத் துடைக்கும் நேரத்தில், காலனியைச் சேர்ந்த எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அருகில் வந்து நின்றான். "மாமா, ஒரு யோசனை என்பது எத்தனை மைல்?" என்று கேட்டான். "ஒன்பது மைல் இருக்கும், தம்பி" என்றேன். அவன் தன் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ போட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியானால் அரை நிமிஷத்தில் 19,818 மைல். அரை நிமிஷம் என்றால் முப்பது விநாடி. ஆக ஒரு விநாடிக்கு 660 மைல்தான் வருகிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் மைல் என்று இருக்கிறதே, மாமா?" என்றான்.

யான் விடை கூற மாட்டாமல் நின்றேன். பிள்ளையின் பெருக்கலிலும் வகுத்தலிலும் பிழையே இல்லை. பிழை பலகையில் இருந்தது. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பு நின்றுபோன எழுத்தன் ஒருவன், அன்றைக்குத் தரத் தவறிய விடையை ஓராண்டு காலம் நூல்களைப் புரட்டித் தேடிப் பார்த்ததன் பயனே இக்கட்டுரை. நம் காலனிப் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் படித்துவிட்டு, வீட்டிலும் சங்கத்திலும் மட்டுமே தமிழைக் காண்கிறார்கள். அவர்கள் காணும் அந்தச் சிறிதளவு தமிழில் யாமே தவறானதொரு கணக்கை எழுதி வைப்பது தகாது என்ற எண்ணமே என்னை எழுதத் தூண்டியது.

முதலில் சொல்லால் வந்த மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். வடமொழி நூல்களில் நிமேஷம் அல்லது நிமிஷம் என்பது கண் இமைக்கும் பொழுது. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறும்போது கண்ணிமையையும் கைந்நொடியையும் கொண்டாரே, அந்தக் கண்ணிமைதான் அது. இன்று நாம் நிமிஷம் என்று வழங்குவது கடிகாரத்து அறுபது விநாடிப் பொழுது. பெயர் ஒன்று, பொருள் முந்நூறு மடங்கு வேறு. விநாடிக்கும் இதே கதிதான். பழைய பஞ்சாங்கத்தில் அறுபது விநாடி கொண்டது ஒரு நாழிகை. நாழிகை நம் கடிகாரத்தில் 24 நிமிஷம் ஆகையால், பஞ்சாங்க விநாடி ஒன்று இக்காலத்து 24 விநாடிக்குச் சமம். ஆகவே பழைய ஏட்டில் விநாடி என்று கண்டவுடன் கைக்கடிகாரத்தைப் பார்க்கலாகாது. இக்கட்டுரையில் யான் விநாடி என்பதெல்லாம் கடிகார விநாடியே என்று அன்பர்கள் கொள்க.

வேகம் என்பது தனியாக நிற்கும் பொருளன்று. அதில் ஒரு நீளமும் ஒரு காலமும் சேர்ந்திருக்கின்றன. மேலே நிற்பது காதமோ மைலோ கிலோமீட்டரோ, கீழே நிற்பது இமையோ விநாடியோ நாளோ ஆண்டோ, இரண்டும் தெளிவாக இருந்தாலன்றி எண் பேசாது. இதைத் தமிழர் நன்கறிந்திருந்தனர் என்பதற்கு நாழிகை வழி என்னும் அளவே சான்று. ஒரு நாழிகைப் பொழுதில் வழிநடைக்காரன் கடக்கும் தூரம் ஒரு நாழிகை வழி. ஏறக்குறைய ஒன்றரை மைல். ஏழு நாழிகை வழி ஒரு காதம் என்பாரும், ஏழரை என்பாரும் உண்டு. எப்படியாயினும் காதம் பத்து மைல் அளவில் வந்து நிற்கும். தூரத்தைக் காலத்தால் பெயரிடும் இம்முறை ஏதோ பழங்கால வழக்கம் என்று எண்ண வேண்டா. வானநூலார் விண்மீன்களின் தொலைவை ஒளியாண்டு என்று கூறுகிறார்களே, அதுவும் இதே முறைதான். நடப்பவன் மட்டும் வேறு. ஒளியை வழிநடைக்காரனாக வைத்தால் ஒரு நாழிகை வழி 26 கோடியே 82 லட்சம் மைல் ஆகும். அந்தக் கணக்கில் ஞாயிறு நம்மிடமிருந்து ஒரு நாழிகை வழியில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே அப்பால் இருக்கிறது. அதாவது 8 நிமிஷம் 19 விநாடி.

இனி அந்த 2,202 யோசனைக்கு வருவோம். விஜயநகரப் பேரரசைத் தோற்றுவித்த சங்கம மரபில் வந்த முதலாம் புக்கரின் அவையில் அமைச்சராக விளங்கியவர் சாயணர். 1387ஆம் ஆண்டில் மறைந்தார். வேதங்களுக்கு அவர் எழுதிய பேருரை புகழ்பெற்றது. நம் சித்தூர்ச் சீமையும் விஜயநகர ஆட்சிக்கு உட்பட்டிருந்தது என்பதும், பின்னாளில் திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியே அவ்வரசின் தலைநகராக இருந்தது என்பதும் அன்பர்கள் அறிந்தவை. ரிக் வேதத்தில் ஞாயிற்றைப் போற்றும் ஒரு பாடலுக்கு உரை வரையுமிடத்தில், அரை நிமேஷத்தில் 2,202 யோசனை கடப்பவனே என்று ஞாயிற்றை வணங்கும் ஒரு பழைய நினைவுரையைச் சாயணர் எடுத்துக் காட்டுகிறார். தாமே அளந்து கண்டதாக அவர் கூறவில்லை. வழிவழியாக நினைக்கப்படுவது என்றே கூறுகிறார். மேலும் அங்கே கடப்பவன் ஞாயிறு. ஒளி ஓடுவதைத்தான் அது குறித்ததா, ஞாயிறு வானத்தில் ஓடுவதைக் குறித்ததா என்பதே ஆராய்வார்க்குள் வழக்காக இருக்கிறது.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். புராண வாய்பாட்டின்படி 15 நிமேஷம் ஒரு காஷ்டை, 30 காஷ்டை ஒரு கலை, 30 கலை ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள். பெருக்கினால் நாளொன்றுக்கு 4,05,000 நிமேஷம். நாளின் 86,400 விநாடியை இதனால் வகுத்தால் ஒரு நிமேஷம் 0.2133 விநாடி, அரை நிமேஷம் 0.1067 விநாடி. யோசனைக்கு 32,000 முழம், முழத்துக்கு ஒன்றரை அடி என்று கொண்டால் யோசனை 9.09 மைல். ஆக விநாடிக்கு 1,87,670 மைல் வருகிறது. உண்மை அளவு 1,86,282 மைல். நூற்றுக்கு ஒரு பங்கு கூட வேறுபாடில்லை! இதைக் கண்டு மெய்சிலிர்த்தவர்களை யான் குறை கூறேன். யானும் சிலிர்த்தவனே.

ஆயின் அதே கணக்கை மனுநூல் வாய்பாட்டில் போட்டேன். அங்கே 18 நிமேஷம் ஒரு காஷ்டை; மற்றவை அவ்வாறே. விடை 2,25,000 மைலைத் தாண்டுகிறது. கௌடில்யரின் பொருள்நூலில் 5 நிமேஷம் ஒரு காஷ்டை, 30 காஷ்டை ஒரு கலை, 40 கலை ஒரு நாழிகை. அதன்படி நிமேஷம் 0.24 விநாடி, விடை 1,66,800 மைல். யோசனையை மாற்றினாலோ இன்னும் விபரீதம். ஆரியபட்டர் பூமியின் குறுக்களவை 1,050 யோசனை என்றார். சூரிய சித்தாந்தம் 1,600 யோசனை என்கிறது. பூமியின் குறுக்களவு ஏறக்குறைய 7,918 மைல் என்பது நமக்குத் தெரியுமாதலால், முன்னவருடைய யோசனை ஏழரை மைல், பின்னதனுடையது ஐந்து மைலுக்குச் சற்றுக் குறைவு என்றாகிறது. புராண நிமேஷத்தோடு இவற்றைச் சேர்த்தால் முறையே 1,55,700 மைலும் 1,02,000 மைலும் கிடைக்கின்றன. ஆக, ஒரே நினைவுரையிலிருந்து ஒரு லட்சம் முதல் இரண்டே கால் லட்சம் வரை வேண்டிய விடையைப் பெறலாம். விடையை முன்னமே அறிந்தவன், அதற்கு இசைந்த முழத்தையும் இமையையும் தேர்ந்துகொள்கிறான். வழி தெரியாமல் ஊரை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, வந்து சேர்ந்தபின் பாதை வரைவது போன்றது அது.

ஒரு பொருளின் வேகத்தை அறிந்தோம் என்று சொல்லப் பெரிய எண் மட்டும் போதாது. அதை அளந்த முறையும் வேண்டும். சாயணருடைய பெரும்புலமைக்கு இந்தக் கூற்றால் ஏற்றமும் இல்லை, இதை விடுவதால் இறக்கமும் இல்லை என்பது என் துணிபு. கேரளத்து மாதவரின் தொடர்க் கணக்குகள் போன்று, முறையும் விடையும் ஒருங்கே விளங்கும் சாதனைகள் நமக்கு இருக்க, ஐயத்துக்கு இடமானதைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவானேன்?

அளவு இன்றி எண் இல்லை என்பதை மேனாட்டாரும் தட்டுத்தடுமாறியே கற்றனர். டென்மார்க்கு நாட்டு ரோமர் 1676இல் வியாழனின் துணைக்கோள் ஒன்று மறையும் நேரங்களைக் குறித்து, பூமி வியாழனை விட்டு விலகும்போது மறைவுகள் தாமதமாகக் காணப்படுவதிலிருந்து, ஒளி ஓடிவரக் காலம் எடுக்கிறது என்று நிறுவினார். பூமியின் வட்டப் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிஷம் என்றார். சரியான அளவு 16 நிமிஷமும் 38 விநாடியும். ஆனால் மைல் கணக்கில் ஒரு வேகத்தை அவர் கூறவே இல்லை. பூமியின் பாதை எத்தனை மைல் என்பது அந்நாளில் உறுதிப்படவில்லை. மைலாக்கிப் பார்க்கும் வேலையை ஹைகன்ஸ் என்பவர் பின்னர் செய்தார்.

1728இல் ஆங்கிலேயரான பிராட்லி வேறு வழி கண்டார். மழை நேராக விழும்போது நாம் ஓடினால் குடையை முன்புறம் சாய்க்கிறோமல்லவா? அதுபோல் பூமி ஓடுவதால் விண்மீன்களை நோக்கும் தொலைநோக்கியையும் சற்றே சாய்க்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாய்வு மிகச் சிறிது. அதிலிருந்து ஒளி பூமியைக் காட்டிலும் பதினாயிரம் மடங்கு விரைவது என்று தெரிந்தது. மெதுவான ஒன்றைக் கொண்டு விரைவான ஒன்றை அளந்த முதல் தெளிவான கணக்கு இது எனலாம். பின்னர் 1849இல் பிரெஞ்சுக்காரரான பிஸோ, 720 பற்கள் கொண்ட ஒரு சக்கரத்தைச் சுழற்றி, ஒரு பல்லிடுக்கின் வழியே சென்ற ஒளி ஐந்தரை மைலுக்கு அப்பால் இருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்புவதற்குள் அடுத்த பல் வந்து மறைக்கும்படி செய்தார். சக்கரம் விநாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று சுற்றுத்தான் சுழன்றது. அவர் விடை ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு மிகுதி. ஆயினும் பூமியை விட்டு நகராமலே ஒளியை அளந்துவிட்டார்.

இனி நம் சென்னைக்கு வருவோம். பள்ளிப் புத்தகங்கள் ஏனோ சொல்லாமல் விட்ட கதை இது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792இல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் ஒன்றைக் கட்டி முடித்தனர். அங்கே கருவியைத் தாங்க நாட்டிய கருங்கல் தூண் இன்றும் வானிலை அலுவலக வளாகத்தில் இருக்கிறது. அதில் பல மொழிகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழும் தெலுங்கும் அவற்றுள் அடங்கும். இரண்டு மொழியிலும் வாழும் நம்மவர் சென்னை செல்லும்போது காணத்தக்கது.

அக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம் என்பவர் 1820, 1821 ஆண்டுகளில் ஒலியின் வேகத்தை அளக்க முற்பட்டார். ஒரு பக்கம் பரங்கிமலை. அது ஆய்வுக்கூடத்திலிருந்து ஐந்தரை மைலுக்குச் சற்று மேல். மறு பக்கம் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. அது இரண்டரை மைலுக்குச் சற்று மேல். இரு இடத்திலும் பீரங்கி சுடப்படும். ஆய்வுக்கூடத்தில் நிற்பவர்கள் வெடியின் மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, ஓசை காதில் விழும்போது நிறுத்துவார்கள். தூரத்தை அந்தக் காலத்தால் வகுத்தால் ஒலியின் வேகம். ஒரு நாள் இரு நாளன்று, மாதக்கணக்கில் இதைச் செய்தார். வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றின் திசை அனைத்தையும் உடன் குறித்தார். வெயில் மிகுந்த மாதங்களில் ஓசை விரைந்து வருவதும், மார்கழி தை மாதங்களில் தளர்ந்து வருவதும் எண்ணில் தெரிந்தன. 1823இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் அவர் கட்டுரை வந்தது.

இந்த முயற்சிக்கு அந்நாளில் பெருமதிப்பு இருந்தது. ஒலியின் வேகத்தை ஏட்டுக் கணக்காகவே கண்டுபிடிக்கப் பார்த்த நியூட்டனின் விடை, உண்மையைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்து நின்றது. காற்று நெருக்கப்படும்போது சூடேறுவதை அவர் சேர்க்கவில்லை என்று லாப்லாஸ் 1816இல் காட்டினார். அத்தகைய நேரத்தில் குளிர் நாட்டு அளவுகளோடு ஒப்பிட வெப்ப நாட்டு அளவு ஒன்று சென்னையிலிருந்து கிடைத்தது.

கோல்டிங்காமின் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. மின்னலைக் கண்ட கணமே வெடித்த கணம் என்று அவர் வைத்துக்கொண்டார். ஒளிக்குக் காலமே பிடிக்கவில்லை என்பது போல! ஒளிக்கும் காலம் பிடிக்கும் என்று அவர் அறியாதவரல்லர்; ரோமருக்கு நூற்றைம்பது ஆண்டுகள் பிற்பட்டவர். பரங்கிமலையிலிருந்து ஓசை வர ஏறக்குறைய 26 விநாடி. ஒளி வரவோ ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறாக்கினால் அவற்றுள் மூன்று கூறு. அவருடைய கடிகாரமோ விநாடியின் பத்திலொரு பங்கைப் பிரித்தறிவதே அரிது. எனவே ஒளியின் காலத்தை விட்டது பிழையன்று. எதை விடலாம் என்று அறிந்து விட்டது. நம் அலுவலகக் கணக்குகளில் பைசாவை விட்டு ரூபாயைக் குறிக்கும்போதும் இந்த அறிவு வேண்டியிருக்கிறது. எந்தப் பைசா சேர்ந்து ரூபாயாகும் என்பதைப் பார்த்தல்லவா விட வேண்டும்!

பீரங்கி ஓசையைக் கேட்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட காலமும் சென்னையில் இருந்தது. மலையடியில் இருந்த ஒருவர் கோட்டைப் பீரங்கியைக் கேட்டுத் திருத்தியிருந்தால் அரை நிமிஷத்துக்கு மேல் பிந்தியே இருந்திருப்பார். அந்த ஆய்வுக்கூடத்து நேரமே சென்னை நேரம் என்ற பெயரில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்வேக்கள் பலவற்றுக்கும் பொது நேரமாயிற்று. கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முந்தியது. 1906 ஜனவரி முதல் நாளில் இந்திய நிலை நேரம் வந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து நம் குப்பம் வழியாகப் பெங்களூர் செல்லும் பாதை 1864இல் திறக்கப்பட்டதாகையால், இங்கு ஓடிய வண்டிகளும் சென்னைத் தூணின் நேரத்தைத் தொழுதே ஓடின என்க.

வண்டி என்றதும் ஊதலின் நினைவு வருகிறது. நிலையத்தில் நில்லாமல் செல்லும் விரைவு வண்டியின் ஊதல் நம்மைக் கடக்கும் கணத்தில் சட்டெனத் தாழ்ந்து ஒலிப்பதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். வருகின்ற பொருளின் அலை நெருங்கும்; போகின்ற பொருளின் அலை நீளும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாப்ளர் இதனை 1842இல் கூறினார். 1845இல் ஹாலந்து நாட்டு பாய்ஸ் பாலட் என்பவர் ரயில் வண்டியில் ஊதுகொம்புக்காரர்களை ஏற்றி ஓடவிட்டு, கீழே இசை வல்லாரை நிறுத்தி இதைச் சோதித்தார். மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும் வண்டி ஒலியின் வேகத்தில் இருபதில் ஒரு பங்கு ஓடுகிறது. எனவே சுருதி மாறுவதைக் காது உணர்கிறது. அதே வண்டி ஒளியின் வேகத்தில் ஒரு கோடியே எண்பது லட்சத்தில் ஒரு பங்குதான். விளக்கின் நிறம் மாறுவதைக் கண் உணராது. ஓட்டுநர் சிவப்புக் கைகாட்டியைப் பச்சையாகக் காண வேண்டுமானால் ஒளியின் வேகத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் வண்டியை ஓட்ட வேண்டும். அந்தச் சாக்கை எந்த விசாரணை அதிகாரியும் ஏற்கமாட்டார்!

கண் உணராததைக் கருவி உணரும். கோடைக்கானலில் 1899இல் நிறுவப்பெற்ற ஞாயிற்று ஆய்வுக்கூடத்தில், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் ஞாயிற்றின் கரும்புள்ளி ஒன்றின் நிறமாலையைப் படம் பிடித்தார். கரும்புள்ளியின் ஒரு விளிம்பில் கோடுகள் ஒரு புறமும் எதிர் விளிம்பில் மறு புறமும் மயிரிழையளவு நகர்ந்திருந்தன. நகர்வு ஏறக்குறைய ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. ஒளியின் வேகத்தை ஒன்றரை லட்சத்தால் வகுத்தால் விநாடிக்கு இரண்டு கிலோமீட்டர். கரும்புள்ளியின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஆவி அந்த வேகத்தில் பாய்கிறது என்று தெரிந்தது. ஒன்பது கோடி மைலுக்குக் குறையாத தொலைவில் உள்ள காற்றோட்டத்தைப் பழநி மலைத்தொடரில் இருந்துகொண்டு ஒரு வகுத்தலால் அளந்துவிட்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் இன்றும் அதை வழங்குகிறது.

நமக்கு இன்னும் அண்மையில், திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே 1990களின் தொடக்கத்தில் மாபெரும் வளிமண்டல ரேடார் ஒன்று நிறுவப்பட்டது. இப்போது தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் என்று பெயர். விண்வெளித் துறையைச் சேர்ந்தது. தரையில் வரிசை வரிசையாக 1,024 வானலை வாங்கிகள் நிற்கின்றன. அவை விநாடிக்கு 5 கோடியே 30 லட்சம் முறை அதிரும் வானொலி அலையை மேலே செலுத்துகின்றன. அலை ஒளியின் வேகத்தில் ஏறி, காற்றின் கொந்தளிப்பில் பட்டு, மிக மெலிந்த எதிரொலியாக மீள்கிறது. பத்துக் கிலோமீட்டர் உயரம் சென்று திரும்ப ஒரு விநாடியில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு போதும்.

அந்த உயரத்தில் காற்று மேலும் கீழும் நகரும் வேகம் பெரும்பாலும் விநாடிக்குச் சில சென்டிமீட்டர். எறும்பு ஊர்வதை ஒத்தது. பத்துச் சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒளியின் வேகத்தில் அது முந்நூறு கோடியில் ஒரு பங்கு. அலை போய் மீள்வதால் மாறுதல் இரட்டிக்கும். ஐந்து கோடியே முப்பது லட்சம் அதிர்வில் மாறுவது, விநாடிக்கு ஓர் அதிர்வில் முப்பதில் ஒரு பங்கு அளவே. அதாவது, சென்ற அலைக்கும் மீண்ட அலைக்கும் முழுதாக ஓர் அதிர்வு வேறுபடுவதற்கு 28 விநாடி ஆகிறது. அத்துணை நேரம் பொறுமையோடு செவிமடுத்தாலன்றி அந்தக் காற்று அகப்படாது. அந்தப் பிள்ளையின் அரை நிமிஷம் இங்கே வந்து பொருந்தியது கண்டு யான் தனியே சிரித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் விளையாட்டாகப் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. பழைய சித்தூர்ச் சாலைகளில் மைல் கற்களுக்கு இடையே பர்லாங்குக் கற்கள் இருந்ததைப் பெரியோர் கூறுவர். 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மெட்ரிக் அளவு வந்து அவை போயின; பேச்சில் மட்டும் பர்லாங்கு போகவில்லை. எட்டுப் பர்லாங்கு ஒரு மைல். ஒரு பட்சத்தில், அதாவது பதினான்கு நாளில், ஒரு பர்லாங்கு நகரும் பொருள் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். பட்சம் என்றால் 12,09,600 விநாடி. ஒளியோ விநாடிக்கு 14,90,259 பர்லாங்கு. இரண்டையும் பெருக்க, ஒளியின் வேகம் பட்சத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரத்து 262 கோடிப் பர்லாங்கு. எண் மலையளவு வளர்ந்துவிட்டது. ஒளி ஓரடியும் விரையவில்லை. நம் பஞ்சாங்கத்துப் பட்சம் பதினைந்து திதி கொண்டது என்று யாரேனும் வழக்குரைத்தால் விடை மாறும் என்பதையும் நினைவில் வைக்க.

அதனினும் மெதுவானது ஒன்று நம் காலடியிலேயே இருக்கிறது. இந்தியத் தரைத்தட்டு வடகிழக்காக ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்கிறது. விரல் நகம் வளரும் வேகத்துக்குச் சற்று மேல். இமயத்தை உயர்த்தியது இந்நகர்வே. இதை எங்ஙனம் அளக்கிறார்கள்? இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் நேரத்தைக் குறித்து அலை அனுப்புகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் ஐதராபாத்திலும் உள்ள நிலையங்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் வாங்கிப் பதிகின்றன. அலை வர ஆகும் காலத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு. விநாடியை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறில் ஒளி ஓடுவது முப்பது சென்டிமீட்டர். இந்தியா ஓராண்டில் நகரும் தூரம், அந்தக் கூறில் ஆறிலொரு பங்கு நேரத்தில் ஒளி ஓடும் தூரம். ஒரு விநாடியில் ஒளி கடப்பதைக் கடக்க இந்தியாவுக்கு ஏறக்குறைய 600 கோடி ஆண்டு வேண்டும். பூமிக்கு வயது 454 கோடி ஆண்டே. பூமி பிறந்த நாள் முதல் இந்த வேகத்திலேயே ஓயாமல் நகர்ந்திருந்தாலும் ஒளியின் ஒரு விநாடியை அது இன்னும் எட்டியிராது.

1983இல் ஒரு முடிவு செய்தார்கள். அதற்கு முன் மீட்டர் தனியாகவும் விநாடி தனியாகவும் இருந்தன. ஒளியின் வேகத்தை அளந்து வந்தார்கள். அவ்வாண்டு முதல், ஒளி வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 29,97,92,458இல் ஒரு பங்கு நேரத்தில் ஓடும் தூரமே மீட்டர் என்று வகுத்துவிட்டார்கள். இனி ஒளியின் வேகத்தை அளக்க வேண்டியதில்லை, அதுவே அளவுகோல். துணிக்கடையில் அளந்து தரும் மீட்டரும் நம் நாழிகை வழியைப் போலவே காலத்தால் பெயர் பெற்ற தூரம்தான். நடப்பவன் மட்டும் ஒளி.

இவ்வாண்டு விழாவுக்கும் பலகை எழுதும் பணியை என்னிடமே தந்திருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் சாயணர் எடுத்துக் காட்டிய 2,202 யோசனையை மறுபடியும் எழுதப் போகிறேன். கீழே நிமேஷத்துக்கு மூன்று வாய்பாடுகளையும், யோசனைக்கு மூன்று அளவுகளையும் எழுதி, விடைகளுக்கு இடம் விட்டு வைப்பேன். மறு பக்கத்தில் பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வரை படம் வரைந்து, 29,547 அடி என்று குறிப்பேன். ஓசைக்கு எத்தனை விநாடி, ஒளிக்கு எத்தனை என்ற இடமும் காலியாக இருக்கும். சுண்ணக்கட்டி பலகையின் கீழேயே இருக்கும். அந்தப் பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு.